சம்பளச் சீட்டில் காணாத வருமானம்

நடுத்தர வகுப்பு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். நிலபுலனோ கடையோ இல்லாமல், கற்ற கல்வியையே முதலாகக் கொண்டு உத்தியோகம் பார்த்து, மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, பெரியோர்களின் மருந்து, உறவினர் வீட்டுச் சீர்வரிசை ஆகிய அனைத்தையும் நடத்திச் செல்லும் குடும்பங்களை இச்சொல் குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இக்குடும்பங்களில் எங்கே விசாரித்தாலும் ஒரே முறையீடுதான். தகப்பனார் வாங்கிய சம்பளத்தைப்போல் பல மடங்கு மகனுக்கு வருகிறது. ஆயினும் தகப்பனார் மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கலியாணமும் செய்துவைத்த அதே குடும்பத்தில், இன்று ஒரே பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் கடன் வாங்க நேர்கிறது. விலைவாசி ஏறிவிட்டது என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உண்டு. ஏறியது உண்மைதான். சம்பளமும் ஏறியிருக்கிறதே! பல குடும்பங்களில் விலைவாசியைக் காட்டிலும் சம்பளம் விரைவாகவே ஏறியிருக்கிறது. அவ்வாறிருந்தும் கை ஏன் இறுகுகிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

இதற்கு ஹைதராபாத் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இரட்டை நகரமான சிகந்தராபாத்தில் பத்மராவ் நகர், மாரேட்பள்ளி முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. ரயில்வேயிலும், ராணுவத்தைச் சார்ந்த அலுவலகங்களிலும், பின்னர் எழுந்த தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வந்தவர்களின் சந்ததியார் அவர்கள். தெலுங்கும் உருதும் பேசும் அண்டை வீட்டாருடன் அவர்கள் பகிர்ந்துகொண்ட வாழ்க்கை வசதிகளின் கதையிலேயே நம் கேள்விக்கு விடை அடங்கியிருக்கிறது.

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மூசி நதி பெருக்கெடுத்து நகரத்தைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் விசுவேசுவரய்யாவின் யோசனையைக் கேட்டு, வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் வழங்கவும் இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுப்பப்பட்டன. 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் நிறைவெய்தின. 1912-இல் நகர அபிவிருத்தி மன்றம் தோன்றி நெருக்கமான குடியிருப்புகளை மாற்றியமைக்கத் தொடங்கியது. 1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் பிறந்தது. 1932-இல் நிஜாம் அரசின் ரயில்வே இலாகாவே பேருந்துகளையும் ஓட்ட ஆரம்பித்தது. இவ்வசதிகள் எல்லோருக்கும் எட்டின என்று சொன்னால் அது பொய்யாகும். கிராமத்துக் குடியானவனுக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. நகரத்து உத்தியோகக் குடும்பத்துக்கோ குழாய்த் தண்ணீரும், படிப்பும், போக்குவரத்தும் பொதுவிலிருந்து வந்தன.

இந்நகரத்து உத்தியோகஸ்தர்களுக்கு நெருக்கடி புதிதன்று என்பதையும் இடையே சொல்லிவிடலாம். 1948-இல் ஹைதராபாத் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1949-இல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. ஜாகீர்தாரரின் வருமானத்தை நம்பியிருந்த முன்ஷிகளும் காரியஸ்தர்களும் பணியாளர்களும் வேறு ஜீவனம் தேட வேண்டியதாயிற்று. ஹாலி சிக்கா என்னும் ஹைதராபாத் ரூபாயும் வழக்கொழிந்தது. ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு இந்திய ரூபாய் என்பது அப்போதைய மாற்று விகிதம். அந்த வீழ்ச்சி கண்ணுக்குத் தெரிந்த வீழ்ச்சி. வருமானமே நின்றுபோயிற்று, காரணத்தைக் கேட்பார் எவருமில்லை. இன்றைய நெருக்கடிக்குக் காரணம் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை.

1960-களில் நகரத்தின் விளிம்புகளில் பெரிய பொதுத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ராமச்சந்திராபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனம் வந்தது. 1967-இல் இந்திய எலக்ட்ரானிக்ஸ் கழகம் நிறுவப்பட்டது. 1961-இல் தோன்றிய இந்திய மருந்து நிறுவனம், சோவியத் உதவியோடு பாலாநகரில் செயற்கை மருந்துகள் செய்யும் ஆலையை அமைத்தது. சென்னையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள் செய்த தொழிற்சாலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததே. இவற்றில் வேலைபார்த்த ஒரு குமாஸ்தாவின் சம்பளச் சீட்டை இன்று எடுத்துப் பார்த்தால், இவ்வளவு சொற்பத் தொகையில் எப்படிக் குடும்பம் நடந்தது என்ற வியப்பு எழும். அச்சீட்டில் பெரிய நிறுவனங்கள் அளித்த பல உதவிகள் எழுதப்படவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பிடித்தம் செய்த வாடகை மிகக் குறைவு. தண்ணீர் குழாயில் வந்தது. பிள்ளைகள் குடியிருப்பிலேயே இருந்த பள்ளிக்கு நடந்து சென்றனர். காய்ச்சல் வந்தால் மருத்துவமனை அருகிலிருந்தது. வேலைக்குச் செல்லத் தொழிற்சாலைப் பேருந்து வந்தது. இவை யாவும் வருமானமே. ரூபாயாகக் கைக்கு வராமல் வசதியாக வீட்டுக்கு வந்த வருமானம்.

அக்குமாஸ்தாவின் பேரன் இன்று நகரத்தின் மேற்கே, 1998-இல் திறந்த சைபர் டவர்ஸையும் அதைச் சுற்றி வளர்ந்த கட்டடங்களையும் சேர்ந்த ஓர் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறான் என்று கொள்வோம். அவன் சம்பளத்தைக் கேட்டால் பாட்டனார் மயங்கி விழுந்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வாடகையோ தவணையோ கொடுக்கிறான். அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்புக்கு மாதந்தோறும் ஒரு தொகை; கோடையில் ஆழ்குழாய்க் கிணறு வற்றினால் தண்ணீர் லாரிக்கு வேறொரு தொகை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கிருஷ்ணா நீரும் கோதாவரி நீரும் நகருக்கு வருகின்றன. மாதம் 20,000 லிட்டர் வரை இலவசமென்று 2021-இல் திட்டமும் வந்தது. நகரம் பரவிய வேகத்துக்குக் குழாய்கள் பரவாத இடங்களிலோ லாரியே கதி. பள்ளிச் சம்பளம், பள்ளி வண்டிக்குக் கட்டணம், நுழைவுத் தேர்வுப் பயிற்சி, மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் ஆகிய ஒவ்வொன்றையும் அவன் விலைகொடுத்து வாங்குகிறான். பாட்டனார் இவற்றில் ஒன்றையும் கடையில் வாங்கியதில்லை.

விலைவாசிக் குறியீட்டெண் இதை ஏன் காட்டுவதில்லை என்று கேட்கலாம். குறியீட்டெண் என்பது குறிப்பிட்ட ஒரு கூடைப் பொருள்களின் விலை நேற்று என்ன, இன்று என்ன என்று ஒப்பிடுவது. அரிசி விலை ஏறினால் அது ஏறும். பள்ளிச் சம்பளம் ஏறினாலும் ஏறும். ஒரு குடும்பம் அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்கு மாறும்போது எந்தப் பொருளின் விலையும் ஏறவில்லை. ஆகையால் எண்ணும் அசைவதில்லை. குடும்பத்தின் செலவோ ஆயிரக்கணக்கில் கூடிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடையை மாற்றும்போது படிப்புக்கும் மருந்துக்கும் அதிக இடம் அளிக்கப்படுகிறது. அதற்குள் அச்செலவு குடும்பத்தின் வழக்கமாகவே ஆகிவிடுகிறது. நகர்ப்புறக் குடும்பங்களின் மாதச் செலவில் உணவின் பங்கு 1999–2000-இல் ஏறக்குறைய 48 சதவீதமாக இருந்தது. 2022–23-இல் 39 சதவீதமாகக் குறைந்தது. உணவின் பங்கு குறைவது வளத்தின் அடையாளம் என்பது பொருளாதார நூலார் கொள்கை. பெரும்பாலும் அது சரியே. எனினும் உணவு விட்டுக்கொடுத்த இடத்தில் சுகம் வந்து அமர்ந்ததா, தப்ப முடியாத கட்டணங்கள் வந்து அமர்ந்தனவா என்று அக்கொள்கை சொல்வதில்லை.

நடுத்தர வகுப்புக்கென்றே ஒரு தனிக் குறியீட்டெண் நம் நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. 1958–59-இல் 45 நகரங்களில் நடுத்தரக் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவை மத்தியப் புள்ளிவிவர நிறுவனம் ஆராய்ந்தது. உடலுழைப்பில்லாத நகர்ப்புற ஊழியர்களுக்கான எண் அதன் அடிப்படையிலே பிறந்தது. நகர்ப்புறம் முழுமைக்குமான புதிய எண் 2011-இல் வெளிவந்தபின் இது கைவிடப்பட்டது. இப்போது ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு கோடீசுவரரும் ஒரே சராசரிக்குள் அடங்குகின்றனர்.

சீட்டில் காணாத வருமானம் நின்றுபோவதன் கொடுமையை முதுமையில் நன்கு காணலாம். ஒரே தெருவில் வாழும் ஓய்வுபெற்ற இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் 1966-இல் சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிய தென்மத்திய ரயில்வேயில் குமாஸ்தா. மற்றவர் பாலாநகர் மருந்து ஆலையில் குமாஸ்தா. இருவரும் ஒரே படிப்புப் படித்தவர்கள், வேலையில் இருந்தபோது ஏறத்தாழ ஒரே சம்பளம் வாங்கியவர்கள், 2005-இல் ஓய்வுபெற்றவர்கள். ரயில்வேக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியளவு ஓய்வூதியம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக்கேற்ப அகவிலைப்படி கூடுகிறது. சம்பளக் கமிஷன் வந்தால் ஓய்வூதியமும் திருத்தப்படுகிறது. 2016 முதல் மத்திய அரசில் குறைந்தபட்ச ஓய்வூதியமே 9,000 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி தனி. லாலாகூடாவில் ரயில்வே மருத்துவமனையும் இருக்கிறது.

ஆலைக்காரர் 1995 நவம்பர் மாதம் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தைச் சேர்ந்தவர். அத்திட்டத்தின் கணக்கு மிக எளிது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். உண்மைச் சம்பளம் எவ்வளவாயினும், 2001 முதல் 2014 வரை கணக்குக்கு எடுத்துக்கொண்ட உச்ச வரம்பு 6,500 ரூபாய். 1995 முதல் 2005 வரை பத்தாண்டுகள். 6,500-ஐ 10-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 928 ரூபாய் வருகிறது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுப் பணிக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகச் சேரும். அவ்வளவே. இத்தொகை விலைவாசியோடு பிணைக்கப்பட்டதன்று. ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் எந்தத் தொகையின் மதிப்பும் பாதியாகிவிடும் என்பது சாதாரணக் கூட்டுவட்டிக் கணக்கு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் நிர்ணயித்தபோது அது பெரிய சலுகையாகப் பேசப்பட்டது.

அவருடைய ஆலை 1992-இலேயே நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அமைச்சரவை 2016-இல் தீர்மானித்தது. ஹைதராபாத் இன்று மருந்துத் தொழிலுக்கு உலகப் புகழ் பெற்ற நகரம். அத்தொழிலின் முன்னோடிகள் சிலர், டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டி உட்பட, இந்த ஆலையில் பணிபுரிந்து தொழில் கற்றவர்களே. தாய் ஆலை மறைந்தது. சேய் ஆலைகள் செழித்தன. தாய் ஆலையின் ஊழியருக்குக் குவார்ட்டர்ஸும் மருத்துவமனையும் போனபின் எஞ்சியது கைக்கு வந்த வைப்பு நிதித் தொகை மட்டும்.

அத்தொகையை எங்கே போட்டு வைப்பது? வட்டி அதிகம் தருவதாகச் சொன்ன கூட்டுறவு வங்கிகளை நாடியோர் இந்நகரத்தில் ஏராளம். 2001-இல் கிருஷி வங்கியும், அடுத்த ஆண்டில் சார்மினார் வங்கியும் நொடித்தன. வைப்புத்தொகைக்கு அப்போதிருந்த காப்பீடு ஒரு லட்சம் ரூபாய். ஐந்து லட்சமாக உயர்ந்தது 2020-இல். பெரிய வங்கிகளை நம்பியோரின் பணம் பத்திரமாக இருந்தது. ஆனால் 2020–21-இல் அவற்றில் ஓராண்டு வைப்புக்கு வட்டி ஐந்தரை சதவீதத்துக்குள் இருக்க, விலைவாசி ஆறு சதவீதத்துக்கு மேல் ஏறியது. வட்டி முழுவதையும் எடுத்துச் செலவழித்தவரின் முதல், எண்ணிக்கையில் குறையாமலே தேய்ந்தது.

உழைக்கும் வயதில் உள்ளோரின் நிலையையும் காண்போம். ஹைதராபாத்தில் தனியார் பள்ளிகள் மிகப் பல. அரசுப் பள்ளியில் நம்பிக்கை இழந்த குடும்பங்களே அவற்றை வளர்த்தன. அங்கே பாடம் சொல்லும் ஆசிரியரும் நடுத்தர வகுப்பினரே, பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர், பெரும்பாலும் பெண்மணி. 2020-இல் கொள்ளை நோய்க்காகப் பள்ளிகள் மூடப்பட்டதும் பெற்றோர் சம்பளம் கட்டவில்லை. பள்ளிகள் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. தெருவில் காய்கறி விற்றவர்களும், கட்டட வேலைக்குச் சென்றவர்களும் உண்டு. 2021 ஏப்ரலில் தெலங்கானா அரசு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஊழியருக்கு மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அளிக்க முன்வந்தது. கரும்பலகை முன் நின்றவர் ரேஷன் கடை முன் நின்றார். இதில் அவமானம் ஏதுமில்லை. அரசு செய்தது நல்ல காரியமே. ஆயினும் ஒரே ஒரு சம்பளம் நின்றால் எத்தனை நாளில் ஒரு நடுத்தரக் குடும்பம் அரிசிக்குக் கையேந்த நேர்கிறது என்பதை அந்த ஆண்டு அளந்து காட்டியது. நாட்டுக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022–23-இல் நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய 5 சதவீதமாகச் சுருங்கியதாக ரிசர்வ் வங்கிக் கணக்குகள் கூறின. அரை நூற்றாண்டில் காணாத குறைவு அது.

சேமிப்பு சுருங்குவதற்கு வீட்டுக் கடன் ஒரு பெருங்காரணம். அதன் நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாற்பது லட்சம் ரூபாயை, 20 ஆண்டுக் காலத்துக்கு, 7 சதவீத வட்டிக்கு ஒருவர் 2021-இல் வாங்கினார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 31,000 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி தன் வட்டி விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. கடன்காரரின் வட்டியும் 9.5 ஆயிற்று. இரண்டு ஆண்டு தவணை கட்டியபின் அவர் பாக்கி 38 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டியே 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். தவணையில் அசலுக்குச் செல்வது சுமார் 900 ரூபாய்தான்! அதே தவணையைக் கட்டிக்கொண்டு போனால், எஞ்சியிருந்த 18 ஆண்டு 37 ஆண்டாக நீண்டுவிடும். ஓய்வுபெறும் வயதுக்குப்பின் தவணை ஓட வங்கி எளிதில் சம்மதிப்பதில்லை. ஆகவே பழைய காலத்துக்குள்ளேயே முடிக்க வேண்டுமானால் மாதம் 5,800 ரூபாய் அதிகம் கட்ட வேண்டும். 2025-இல் வட்டி விகிதம் இறங்கத் தொடங்கியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த 5,800 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதலில் பெட்டியிலிருந்த நகை அடகுக்குச் செல்லும். பிறகு காப்பீட்டுப் பிரீமியம் கட்டாமல் விடப்படும். அதன்பின் பெரியவரின் மருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆகும். வெளியே திரைச்சீலையும் சோபாவும் அப்படியே இருக்கும். நடுத்தரக் குடும்பத்தின் வறுமை விருந்தினர் கண்ணில் படுவது மிகவும் கடைசியில்தான்.

அரசின் உதவிகள் இவ்வகுப்பை எட்டுகின்றனவா? 2007-இல் தோன்றிய ஆரோக்கியஸ்ரீ மருத்துவத் திட்டம் சிறந்த திட்டம். 2023 டிசம்பரில் அதன் வரம்பு பத்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஆனால் ஏழைகளுக்குரிய ரேஷன் அட்டை உள்ளோருக்கே அது உரியது. அட்டைக்குரிய வருமான வரம்பைச் சிறிது தாண்டிய குடும்பம், மருத்துவச் செலவு முழுவதையும் தானே ஏற்க வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அரசு. வெகுதூரம் மேலே உள்ளவருக்குப் பணம். கோட்டை ஒட்டி மேலே நிற்பவருக்கு இரண்டுமில்லை. அதே மாதம் 9-ஆம் தேதி தொடங்கிய மற்றொரு திட்டம் வேறு வகையானது. தெலங்கானாவில் வசிக்கும் பெண்கள் எவரும், அட்டை எதுவென்று கேட்காமல், சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். பேருந்தில் நெரிசல் கூடியது என்பதும், போக்குவரத்துக் கழகத்தின் வரவு செலவுக்கு அரசு ஈடு செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் மெய்யே. எனினும் தனியார் பள்ளி ஆசிரியையின் மாதக் கணக்கில் ஒரு செலவு அடியோடு நீங்கியது. அவள் பாட்டனார் காலத்துத் தொழிற்சாலைப் பேருந்தைப்போல, சம்பளச் சீட்டில் எழுதப்படாத ஒரு வருமானம் மீண்டும் வீட்டுக்கு வந்தது. யாவர்க்கும் பொதுவான பள்ளி, மருத்துவமனை, குழாய் ஆகியவற்றைச் சீர்செய்தால் நடுத்தர வகுப்புக்குக் கிடைக்கும் ஆறுதல், வருமான வரியில் சில ஆயிரம் குறைப்பதால் கிடைப்பதைவிடப் பெரிது என்பது நம் அபிப்பிராயம்.

தத்தம் குடும்பத்தின் நிலையை அறிய விரும்புவோர் ஒரு தாளில் சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாளின் இடப்புறத்தில், பெற்றோர் காலத்தில் விலை கொடுக்காமலோ பெயரளவுக் கட்டணத்துக்கோ வந்த வசதிகளை எழுதிக்கொள்ள வேண்டும். வலப்புறத்தில், ஒவ்வொன்றுக்கும் இன்று மாதந்தோறும் கொடுக்கும் தொகையை எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் பள்ளிச் சம்பளத்தையும் காப்பீட்டுப் பிரீமியத்தையும் பன்னிரண்டால் வகுத்துக்கொள்க. தண்ணீர் லாரிக்குக் கோடை மாதங்களில் கொடுத்ததை மறந்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கூட்டி வந்த தொகையைச் சம்பளத்திலிருந்து கழித்து, எஞ்சியதைத் தகப்பனாரின் அன்றைய சம்பளம் இன்றைய விலையில் எவ்வளவாகும் என்பதோடு ஒப்பிட வேண்டும். தகப்பனாரின் பழைய சீட்டு வீட்டில் எங்கேனும் இருக்கும். இரும்புப் பெட்டியின் அடியில், வைப்பு நிதிக் காகிதங்களோடு சேர்த்துத் தேடினால் அகப்படும்.